பொருத்தமும் மேம்பாடும்: டர்ன்டேபிளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஒலிக்கருவிகளைப் பற்றிய பேச்சில் அதிகம் புழங்கும் சொல் 'ஹை-ஃபை'. விரித்துச் சொன்னால் 'உயர்ந்த விசுவாசம்'. எஜமானர்களும் ஊழியர்களும் இருக்கிற உலகத்துச் சொல் இது. யார் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், ஸ்டூடியோவில் வாசிக்கப்பட்ட மூல இசைக்குக் கருவி விசுவாசமாக இருக்க வேண்டும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூலத்தைக் கேட்டவர் யார்? ஒலிப்பதிவு நடந்த அறையில் இருந்த சிலர். மற்ற எல்லோரும் பார்க்காத சாமிக்குப் பூசை செய்கிறவர்கள். பார்க்காத மூலத்தின் பெயரால் ஒரு படிநிலை கட்டமைக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு படி ஏறுவதற்கும் காசு வசூலிக்கப்படுகிறது.

இப்படி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "காசு இருக்கிறவன் வாங்குறான், கேக்குறான். இதுல நமக்கென்னய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொருளைச் சொந்தமாக்கிக்கொள்வது, அதைப் பராமரிப்பது, மாற்றுவது, அது குறித்துப் பேசுவது ஆகிய எல்லாவற்றிலும் அதிகாரம் இயங்குகிறது என்று நாம்தான் பேசி வந்திருக்கிறோம். இலக்கியப் பிரதியில் தேடுகிற அதிகாரத்தை வீட்டு மேசை மேல் இருக்கிற இயந்திரத்தில் தேடக் கூடாது என்று சட்டமா என்ன?

என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் இரண்டாம் வடிவம். பழசாக வாங்கியது. அதை வைத்திருக்கிறவன் என்கிற முறையில் எனக்குக் கிடைக்கும் ஆலோசனைகளில் இரண்டு சொற்கள் எப்போதும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. ஒன்று பொருத்தம்: எந்தக் கைக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் சேரும், எந்தக் கார்ட்ரிட்ஜுக்கு எந்த முன்பெருக்கி சேரும் என்பது. இன்னொன்று மேம்பாடு, அதாவது 'அப்கிரேட்': இருப்பதை விட்டு அடுத்ததற்குப் போவது. இரண்டையும் ஒரே காரியத்தின் இரு பெயர்கள் போலப் பேசுகிறார்கள். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பொருத்தம் என்பது உறவு. மேம்பாடு என்பது ஏணி. உறவின் மொழியை எடுத்துக்கொண்டுதான் ஏணி விற்கப்படுகிறது.

2

முதலில் ஏணியைப் பார்ப்போம்.

டர்ன்டேபிளுக்கு இருக்கிற வேலை ரொம்பச் சின்னது. தட்டைச் சீரான வேகத்தில் சுற்ற வேண்டும். மோட்டாரின் நடுக்கமும் தரையின் அதிர்வும் ஊசிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கிற கை, வெளிவட்டத்திலிருந்து உள்வட்டம் வரை முரண்டு பிடிக்காமல் நகர வேண்டும். அவ்வளவுதான். தட்டின் பள்ளத்தில் இருக்கும் நெளிவுகள் மிக நுண்ணியவை என்பதால், இந்தச் சின்ன வேலையை ஒழுங்காகச் செய்வது சிரமமாக இருக்கிறது.

அதிர்வைத் தடுப்பதற்கு 1961ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஒரு எளிய வழி செய்தார். சுழல்வட்டின் அச்சையும் கையையும் ஒரே சட்டத்தில் இணைத்து, அந்தச் சட்டத்தை மூன்று இடங்களில் ஸ்பிரிங்கில் மிதக்க விட்டார். மோட்டார் வெளியே தனியாக நின்றது. ஒரு ரப்பர் பெல்ட் மட்டுமே இரண்டையும் இணைத்தது. அவருடைய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் அதை நூறு டாலருக்கும் கீழே விற்றது. இதே வில்ச்சர் பின்னாளில் காது கேளாதோருக்கான கருவியில் முக்கியமான ஒரு முறையைக் கண்டறிந்தார். காப்புரிமை வாங்காமல் அதை எல்லோருக்கும் திறந்து விட்டார். கருவியை அவர் என்னவாகப் பார்த்தார் என்பதற்கு இது சாட்சி.

1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து லின் சோன்டெக் எல்பி12 வந்தது. மிதக்கும் சட்டம், பெல்ட், தனி மோட்டார் என்று வில்ச்சர் போட்ட பாதைதான். இன்னும் நுணுக்கமான அச்சு, இன்னும் கறாரான தயாரிப்பு. நல்ல இயந்திரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் லின் நிறுவனத்தின் ஐவர் டீஃபன்பிரன் இயந்திரத்தோடு சேர்த்து ஒரு கோட்பாட்டையும் விற்றார். ஒலி பிறக்கும் இடமே முதன்மையானது. டர்ன்டேபிளில் தொலைந்ததை ஆம்பிளிஃபையரோ ஸ்பீக்கரோ மீட்க முடியாது. எனவே முதலில் டர்ன்டேபிள், பிறகு கை, பிறகு கார்ட்ரிட்ஜ், கடைசியில்தான் ஸ்பீக்கர். ஸ்பீக்கர்தான் எல்லாம் என்று நம்பியிருந்த அன்றைய சந்தையில் இது கலகமாகத் தெரிந்தது. தர்க்கமும் பாதி சரிதான். ஆனால் மூலத்திற்கு அருகில் இருப்பது உயர்ந்தது, தள்ளி இருப்பது தாழ்ந்தது என்கிற வரிசையை எங்கேயோ கேட்டது போல் இல்லை?

வரிசை வந்துவிட்டால் சடங்கு வரும். கடையில் எல்பி12ஐக் காட்டும்போது அதே அறையில் வேறு ஸ்பீக்கர் ஜோடிகள் இருக்கக் கூடாது. இயங்காத ஸ்பீக்கரும் ஒலிக்கு அதிர்ந்து கெடுத்துவிடும் என்றார்கள். ஸ்பிரிங்குகளைச் சரிசெய்ய, பயிற்சி பெற்ற விற்பனையாளரிடம் போக வேண்டும். அவர் சட்டத்தை மெல்லத் தட்டி, அது நேராக மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்து, திருகைத் திருப்பி அருள் பாலிப்பார். பிறகு படிகள். 1982ல் வல்ஹாலா என்கிற மின்வழங்கி, 1990ல் லிங்கோ, 1993ல் சர்க்கஸ் என்கிற அச்சுத் தொகுதி, பின்னர் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்த கீல் சட்டம், 2009ல் ரேடிக்கல் மோட்டார். ஒவ்வொரு படியும் வந்த பிறகுதான் அதற்கு முந்தைய படியில் எவ்வளவு குறை இருந்தது என்று ரசிகருக்குக் 'கேட்க' ஆரம்பிக்கிறது! நேற்று வரை முழுமை என்று எழுதப்பட்டது இன்று திரைபோட்ட ஒலி ஆகிவிடுகிறது.

இதில் ஒரு நல்ல அம்சமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய எல்பி12ஐத் தூக்கி எறியாமல் புதிய உறுப்புகளைப் பொருத்த முடிகிறது. பழுது பார்க்க முடியாதபடி ஒட்டி மூடிய கருவிகள் நிரம்பிய உலகில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் பழுது பார்க்கும் உரிமையும் மேலே ஏற வேண்டிய கட்டாயமும் ஒரே திருகில் முறுக்கப்பட்டிருக்கின்றன. போத்ரியார் 1968லேயே 'பொருட்களின் அமைப்பு' நூலில் மாதிரிக்கும் தொடருக்குமான உறவைப் பேசினார். தொடரில் வரும் பொருளை வாங்குகிறவர் எட்ட முடியாத ஒரு மாதிரியை நோக்கி எப்போதும் தள்ளப்படுகிறார். இங்கே ஒரே இயந்திரத்திற்குள்ளேயே அந்தத் தொடர் நடக்கிறது. பொருளை வாங்கி முடிக்கவே முடியாது. வைத்திருப்பவர் எப்போதும் பற்றாக்குறையின் சொந்தக்காரர்.

3

இப்போது மூலத்திற்கு வருவோம். தட்டின் பள்ளத்தில் மூலம் இருக்கிறதா?

இல்லை. 1948ல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி.யை வெளியிட்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தட்டை ஒவ்வொரு விதமாக வெட்டியது. 1954ல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. எல்லோருக்கும் பொதுவாக ஒரு வளைவை நிர்ணயித்தது. 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 50 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 17 டெசிபல் குறைத்தும், 10,000 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 14 டெசிபல் கூட்டியும் வெட்டப்படுகிறது. தாழ்ந்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். உயர்ந்த ஒலியைக் கூட்டாவிட்டால் உராய்வின் இரைச்சலில் அமுங்கிப் போகும். எனவே தட்டில் இருப்பது திட்டமிட்டுக் கோணலாக்கப்பட்ட ஒலி. ஃபோனோ முன்பெருக்கிதான் அதை நேர்படுத்துகிறது. அது இல்லாமல் ஊசியிலிருந்து வரும் மின்சாரத்தை நேரே கேட்டுப் பாருங்கள், 'மூலம்' எப்படிக் கீச்சிடுகிறது என்று தெரியும்.

கையின் கதையும் இதுதான். மூலத்தட்டை வெட்டுகிற ஊசி ஆரத்தின் வழியே நேர்கோட்டில் போகிறது. நம் வீட்டு ஊசியோ ஓர் அச்சில் மாட்டிய கையின் நுனியில் வில் போல வளைந்து போகிறது. நேர்கோடும் வில்லும் முழுக்க ஒத்துப்போக முடியாது. 1938ல் லோஃப்க்ரெனும் 1941ல் பேர்வால்டும் போட்ட கணக்கின்படி, கையைச் சற்று வளைத்து, ஊசியைத் தட்டின் மையத்தைக் கொஞ்சம் தாண்டி வைத்தால், பிழையைப் பரவலாகக் குறைக்கலாம். அப்போதும் ஊசி பள்ளத்திற்குச் சரியாகத் தொடுகோடாக நிற்பது இரண்டே இடங்களில்தான். வழக்கமான பேர்வால்ட் அமைப்பில் மையத்திலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும். மற்ற எல்லா இடத்திலும் சிறு பிழையோடுதான் இசை கேட்கிறோம். நேர்கோட்டில் நகரும் கைகளும் உண்டு. அவை வேறு சிக்கல்களைக் கொண்டு வருகின்றன. போதாதற்கு, வெளிவட்டத்தில் ஊசியின் அடியில் ஒரு நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது என்றால் கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கியடித்து எழுத வேண்டும். ஒவ்வொரு எல்.பி.யின் கடைசிப் பாட்டும் விளிம்புக்குத் தள்ளப்பட்ட பாட்டு. வேடிக்கை என்னவென்றால் அந்த விளிம்பு மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொரு தளத்திலும் 'மூலம்' என்ற சொல்லைக் கேள்வி கேட்கலாம். வினைல் வருவதற்கு முன்பு, 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் ஆனவை. சோட்டா நாக்பூர் காடுகளில் குசும்பா, பலாசு, இலந்தை மரக்கிளைகளில் பூச்சிகள் விடும் பிசினை ஆதிவாசிகள் சுரண்டியெடுத்தார்கள். ஐரோப்பாவின் ஓபராப் பாடகர்களும் அமெரிக்காவின் புளூஸ் பாடகர்களும் அந்தப் பிசினில்தான் பதிவானார்கள். மூலத்தட்டுக்கு இன்றைக்கும் வழங்குகிற 'லாக்கர்' என்ற பெயரும் லாக்கு என்கிற இந்தப் பிசினின் பெயர் வழியே போனதுதான். மூலம் மூலம் என்று உருகுகிற ஹை-ஃபை எழுத்து, மூலப்பொருளைச் சுரண்டிக் கொடுத்த கைகளைப் பற்றி வாயே திறக்காது.

தூய்மையின் கதைக்கு 2022ல் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. பழைய மூல நாடாக்களிலிருந்து நேரே வெட்டப்பட்டவை, இடையில் டிஜிட்டல் கலப்பே இல்லாதவை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய தட்டுகளை வெளியிட்டு வந்தது மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம். சில பதிப்புகள் ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு மேல். 2011 முதலே அவற்றில் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்தது என்பதை நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்கும் தொடரப்பட்டது. வாங்கியவர்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான், ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். நம்முடைய கேள்வி வேறு. டிஜிட்டல் வாடை தூரத்தில் வந்தாலே காது கூசும் என்று எழுதிய எத்தனையோ விமர்சகர்கள் பத்து வருசமாக அந்தத் தட்டுகளைத் தூய அனலாக்கின் உச்சம் என்று புகழ்ந்திருக்கிறார்கள். கலப்பைக் காது கண்டுபிடிக்கவில்லை. வம்சாவளி தெரிந்த பிறகுதான் தீட்டு தெரிந்தது. தூய்மை என்பது பொருளின் குணமாக இருப்பதில்லை. பிறப்புச் சான்றிதழின் குணமாக இருக்கிறது. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

4

அப்படியென்றால் எல்லாக் கருவியும் ஒன்றுதானா, காது சொல்வதெல்லாம் பொய்யா? அப்படிச் சொல்லவில்லை. எல்லாம் கட்டமைக்கப்பட்டது என்று கையை விரிப்பது நம்மிடம் ஒரு நோயாகவே பரவியிருக்கிறது. பொருளுக்கு என்று ஒரு பிடிவாதம் உண்டு. பொருத்தம் என்கிற சொல் அங்கேதான் உயிர் பெறுகிறது.

ஊசி ஒரு ரப்பர்த் துண்டின் மேல் நெகிழ்ந்து ஆடுகிறது. அதைச் சுமக்கிற கைக்கு ஒரு எடை உண்டு. நெகிழ்கிற பொருள் மேல் எடையை வைத்தால், ஸ்பிரிங்கில் கட்டிய கல் போல அதற்கென்று ஓர் அதிர்வெண் வந்துவிடும். தட்டின் வளைவுகளும் மேடுபள்ளங்களும் ஊசியை ஆட்டுவது பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. இசை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில், 8லிருந்து 12 ஹெர்ட்ஸுக்குள் இந்த அதிர்வெண் விழுந்தால் நல்லது. கணக்கு எளிது. கையின் செயல்நிறை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். கார்ட்ரிட்ஜோடு வரும் தாளில் போட்டிருக்கும் நெகிழ்வு எண்ணால் பெருக்குங்கள். வருவதற்கு வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுங்கள்.

என்னுடைய 1200ன் கைக்குச் செயல்நிறை, ஹெட்ஷெல்லோடு சேர்த்து, 12 கிராம். கார்ட்ரிட்ஜும் திருகும் 7 கிராம் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 19. நெகிழ்வு 12 உள்ள கார்ட்ரிட்ஜ் என்றால் விடை சுமார் 10½ ஹெர்ட்ஸ். பிரமாதம். அதைவிட 'உயர்ந்த' வகை என்று சொல்லி நெகிழ்வு 30 உள்ள ஒன்றை மாட்டினால் விடை 6.7. லேசாக வளைந்த தட்டைப் போட்டால் போதும், கை தள்ளாடும், ஸ்பீக்கர் கூம்பு காற்று வாங்கும். நெகிழ்வு 6 உள்ள விறைப்பான ஒன்றை மாட்டினால் 15க்குப் பக்கத்தில் போய், இசையின் அடிப்பகுதியில் மூக்கை நுழைக்கும். விலை எங்கேயாவது வந்ததா இந்தக் கணக்கில்? நெகிழ்வு தாளில் போட்டிருக்கும் எண் எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். ஜப்பானிய நிறுவனங்கள் பல 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள். 10 ஹெர்ட்ஸில் அளந்தால் அது கிட்டத்தட்ட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரும்.

டெனான் டிஎல்-103 என்கிற கார்ட்ரிட்ஜ் நல்ல உதாரணம். 1960களில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே.யின் வேலைக்காக உருவானது. உருண்டை முனை ஊசி, 2½ கிராம் அழுத்தம், விறைப்பான நெகிழ்வு. இறகு மாதிரி லேசான விலையுயர்ந்த கையில் மாட்டினால் திணறும். கனமான பழைய கையில் உட்கார்ந்தால் அருமையாகப் பேசும். அது தருவது 0.3 மில்லிவோல்ட்தான், சாதாரணக் காந்த ஊசி 5 மில்லிவோல்ட்வரை தரும். எனவே முன்பெருக்கியும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். காந்த ஊசி வகைக்கு 47 கிலோ-ஓம் சுமை வேண்டும். அதோடு கம்பியின் மின்தேக்கமும் கணக்கில் வரும். ஒரு ஊசிக்கு 150 பைக்கோஃபாரட் போதும், இன்னொன்று 400 கேட்கும். தவறினால் உயர்ந்த ஒலிகள் ஒன்று மழுங்கும், இல்லை கூசும். இந்தக் கூச்சத்தைத்தான் 'இந்தக் கார்ட்ரிட்ஜ் சரியில்லை, மேலே போங்க' என்று கடையில் மொழிபெயர்ப்பார்கள்.

தமிழில் பொருத்தம் என்றதும் ஜாதகம்தான் நினைவுக்கு வரும். பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஆனால் சாதி என்கிற பதினோராவது பொருத்தம் சொல்லாமலேயே முதலில் பார்க்கப்பட்டு முடிந்துவிடுகிறது. அங்கே பொருத்தம் என்பது ஒரே தட்டில் இருப்பவர்களை ஒரே தட்டிலேயே வைத்திருப்பதற்கான ஏற்பாடு. ஊசிக் கணக்கு நமக்குச் சொல்லித் தரும் பொருத்தம் இதற்கு நேர் எதிர். மலிவானது விலையுயர்ந்ததோடு சேரும், விறைப்பானது கனமானதோடு சேரும். எந்த உறுப்பும் தன்னளவில் உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. இன்னொன்றோடு சேரும்போது என்ன நடக்கிறது என்பதே கேள்வி. இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். பயிற்சி பெற்ற விற்பனையாளர் வேண்டாம். காகிதத்தில் அச்சிட்ட ஒரு கோணமானி, ஊசி அழுத்தம் பார்க்க ஒரு சின்னத் தராசு, வர்க்கமூலம் போடத் தெரிந்த ஒரு பிள்ளை. போதும்.

5

நான் வைத்திருக்கும் இயந்திரத்திற்கு ஹை-ஃபை உலகில் நீண்ட நாள் மரியாதை கிடையாது. 'டி.ஜே. டெக்' என்பார்கள், மூக்கைச் சுளித்துக்கொண்டு. அதன் கதையைச் சொன்னால் அந்தச் சுளிப்பு எதற்கு என்று புரியும்.

1970ல் டெக்னிக்ஸ் வெளியிட்ட எஸ்பி-10, ஷூயிச்சி ஒபாதா தலைமையில் உருவானது. பெல்ட்டை எடுத்துவிட்டு மோட்டாரின் அச்சையே சுழல்வட்டின் அச்சாக்கினார்கள். 1972ல் அதே வழியில் வீட்டு உபயோகத்திற்கு எஸ்எல்-1200 வந்தது. பெல்ட் இயந்திரத்தில் கையால் தட்டை நிறுத்தினால் ரப்பர் வழுக்கும், திரும்ப வேகம் எடுக்க நேரமாகும். நேரடி மோட்டார் அப்படியில்லை. 1979ல் வந்த இரண்டாம் வடிவம் 0.7 நொடியில் முழு வேகத்தை எட்டும். பிடித்து நிறுத்தினாலும் சளைக்காது. இந்த பலத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதை நியூயார்க் நகரின் கறுப்பின, கரீபியப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

1973 ஆகஸ்ட் 11. பிராங்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடியின் பொது அறை. பள்ளிக்கூடத்துக்குப் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி ஏற்பாடு செய்கிறாள். தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த கிளைவ் கேம்பல், அதாவது கூல் ஹெர்க். ஆடுகிறவர்கள் பாட்டின் எந்த இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவர் கவனித்தார்: பாடகர் ஒதுங்கி, தாளம் மட்டும் நிற்கிற சில நொடிகள். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு இயந்திரத்தில் வைத்து அந்த நொடிகளை நீட்டும் முறையை உருவாக்கினார். மூலப் பிரதியின் அதிகாரம் இங்கே உடைகிறது. பாட்டின் தொடக்கமும் முடிவும் பாடகர் விதித்தபடி இல்லை. ஆடுகிறவர்களின் கால் விதித்தபடி.

பார்பேடோசில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். குப்பையில் கிடந்த கருவிகளைப் பிரித்துப் பார்த்து வளர்ந்தவர். தட்டைக் கையால் பிடித்தாலும் அடியில் சுழல்வட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் கூடவே வரும் ரப்பர் விரிப்பு தட்டைப் பற்றிக்கொள்கிறது. என்ன செய்தார்? ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, இஸ்திரி போட்டு, ரப்பருக்குப் பதில் போட்டார். அவருடைய அம்மா தையல்காரர். துணியின் குணம் வீட்டிலேயே தெரிந்திருந்தது. ஹை-ஃபை வரலாற்றின் மிகச் சிறந்த அப்கிரேட் எது என்று என்னைக் கேட்டால் இந்தக் கஞ்சி போட்ட துணியைத்தான் சொல்வேன். அடுத்த படிக்கு ஏறுவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. தன் வேலைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் பொருந்தாமல் இருந்த ஒன்றைப் பொருத்தினார்.

1970களின் நடுவில் கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற பையன், சத்தத்தைக் குறை என்று அம்மா கதவருகே வந்து திட்டியபோது, ஓடும் தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். அதுதான் 'ஸ்கிராட்ச்'. ஊசி பள்ளத்தைத் தேய்க்கும் சத்தம், அதுவரை பழுது என்று கருதப்பட்டது, வாத்தியமாக மாறியது. 1977 ஜூலை 13 இரவு நியூயார்க் முழுக்க மின்சாரம் போனது, கடைகள் சூறையாடப்பட்டன. அதற்குப் பிறகு பிராங்க்ஸில் புதுக் குழுக்கள் முளைத்தன என்றும், தன் மிக்சரே அந்த இருட்டில் வந்ததுதான் என்றும் கிராண்ட்மாஸ்டர் காஸ் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சொந்தம் கொண்டாடுதல் பற்றிய எந்தப் பேச்சும் இந்த இரவைத் தாண்டிப் போகக் கூடாது.

ஹை-ஃபையின் முதல் கட்டளை தட்டைத் தொடாதே என்பது. விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் பிடி. பிராங்க்ஸ் பிள்ளைகள் செய்தது தொட்டது. ஊசி போகும் இடத்தில் விரலை வைத்தார்கள். கிரேயானால் தட்டின் மேல் கோடு போட்டு இடம் குறித்தார்கள். ஊசிக்கு 3 கிராமும் அதற்கு மேலும் அழுத்தம் கொடுத்தார்கள். தொடாமல் கேட்பவன் ரசிகன், தொட்டு இசைப்பவன் தட்டைக் கெடுப்பவன் என்கிற பிரிவினையில்தான் 'டி.ஜே. டெக்' என்கிற வசை பிறக்கிறது. அதே இயந்திரத்தின் வேகத் துல்லியத்தை அளந்து பார்த்தால் பல விலையுயர்ந்த பெல்ட் இயந்திரங்கள் வெட்கப்பட வேண்டியிருக்கும். ஆனாலும் அதை ஏணியில் சேர்க்க ரொம்ப நாள் மறுத்தார்கள். அது யார் கையில் இருந்தது என்பதுதான் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தட்டைத் தொடாதே என்பதையும் மனிதரைத் தொடாதே என்பதையும் ஒன்றாக்கிவிட முடியாது. விரலின் எண்ணெய்ப்பசையும் தூசும் தட்டைக் கெடுக்கும், அது வேதியியல். தீண்டாமையை எல்லாவற்றுக்கும் உவமையாக்கிக் கரைப்பது வசதியாக உட்கார்ந்து எழுதுகிறவர்களின் பழக்கம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தூய்மை, வம்சாவளி, தொடாமை, இடைத்தரகராக ஒரு நிபுணர் என்று ஒரு பேச்சு தன்னைக் கட்டிக்கொள்ளும்போது, அந்தச் சட்டகம் எங்கே போனாலும் ஒரே விதமாக வேலை செய்கிறது. பழகிய சட்டகம் என்பதால் நமக்கு அது சீக்கிரம் தெரிய வேண்டும்.

6

எதிர்வாதங்களைத் தவிர்க்க முடியாது.

டெக்னிக்ஸும் பன்னாட்டு மூலதனம்தானே? ஆம். 2010ல் 1200ன் தயாரிப்பை நிறுத்தியது. தட்டுகள் திரும்பவும் விற்க ஆரம்பித்ததும் 2016ல் அதைத் திரும்பக் கொண்டு வந்தது, 1,200 எண்ணிக்கை மட்டும், சுமார் 4,000 டாலர் விலையில், இந்த முறை ஹை-ஃபை பொருளாக. கிரேயான் கோடு போட்ட பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் அந்தப் பெயர் போய் உட்கார்ந்தது. 2019ல்தான் டி.ஜே.க்களுக்கான ஏழாம் வடிவம் வந்தது. மூக்கைச் சுளித்தவர்களுக்கே அதே இயந்திரத்தைப் புனிதப்படுத்தி விற்க முடிந்தது என்பது மூலதனத்தின் திறமை. ஆக, எந்தப் பொருளும் தானாகவே கலகப் பொருள் ஆகிவிடாது. அதை வைத்து என்ன செய்கிறோம், யாரோடு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெண்கள் எங்கே என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஹை-ஃபை ஆண்களின் பேச்சில் 'மனைவி ஒத்துக்கொள்வாளா' என்பதற்கு ஒரு சுருக்கெழுத்தே உண்டு. பெரிய ஸ்பீக்கரைக் கூடத்தில் வைக்கத் தடையாக இருக்கும் ஒரு பொருத்தமின்மையாகப் பெண் அங்கே கணக்கிடப்படுகிறாள். பிராங்க்ஸ் கதையிலும் நாயகர்கள் ஆண்கள்தான். ஆனால் அந்தக் கதையைக் கொஞ்சம் சுரண்டினால் பார்ட்டி வைத்த தங்கை, துணியின் குணம் தெரிந்த அம்மா, கதவருகே நின்று திட்டிய அம்மா என்று வருகிறார்கள். கதையாடலில் அவர்கள் துணைப் பாத்திரங்கள். தொழில்நுட்பத்தில் அப்படி இல்லை.

டர்ன்டேபிள் வைத்திருக்கிற, அல்லது பழசாக ஒன்று வாங்க நினைக்கிற நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் செலவு ஊசிக்கு. தேய்ந்த ஊசி தட்டை அரித்துத் தின்னும். அதை மாற்றுவது மேம்பாடு கிடையாது, பராமரிப்பு. அடுத்து, காகிதக் கோணமானியை வைத்து அந்த இரண்டு இடங்களில் ஊசியை நேர்ப்படுத்துங்கள். தராசில் அழுத்தத்தைச் சரிபாருங்கள். குறைவான அழுத்தம்தான் தட்டுக்கு நல்லது என்பது தவறான நம்பிக்கை, பள்ளத்தில் ஊசி குதித்தால் சுவர் சிதையும். பெல்ட் இயந்திரம் என்றால் பெல்ட்டையும் எண்ணெயையும் மாற்றுங்கள். புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கும் முன் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். இத்தனையும் செய்த பிறகு இன்னும் ஏதோ குறைகிறது என்று மனம் சொன்னால், குறைவது இயந்திரத்திலா அல்லது அதைக் குறித்து நீங்கள் வாசிக்கும் பிரதிகளிலா என்று கேட்டுப் பாருங்கள்.

அடோர்னோ 1927லேயே கிராமஃபோன் ஊசியைப் பற்றி எழுதியபோது, கேட்பவர் தட்டில் தேடுவது தன்னைத்தான் என்று சந்தேகப்பட்டார். சொத்தாகப் பத்திரப்படுத்தக் கூடிய ஒரு தன்னிலை. ஏணியில் ஏறுகிறவர் தனியாகத்தான் ஏற முடியும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கும் அறைதான் ஹை-ஃபையின் லட்சிய அறை. பொருத்தம் தேடுகிறவருக்கு அடுத்தவர் தேவைப்படுகிறார். தராசு ஒருவரிடம் இருக்கும், உபரி ஹெட்ஷெல் இன்னொருவரிடம் இருக்கும், கணக்கு மூன்றாமவருக்குத் தெரிந்திருக்கும். நாலு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்காரும்போது சம தூரத்து நாற்காலி யாருக்கும் கிடைக்காது. கிடைக்க வேண்டியதில்லை. நாற்காலிகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டால் ஆட இடம் இருக்கும்.